ஒரே வாசலில் டீசலும் மின்சாரமும்

ஜனவரி 22

மின்சார கார் வீட்டுக்கு வந்து இன்றோடு ஐந்து நாள். பழைய டீசல் காரை இப்போதைக்குக் கொடுப்பதாக இல்லை. பத்து வருடம் ஓட்டிய வண்டி, அப்பாவும் அதைத்தான் எடுப்பார். கொஞ்ச காலம் இரண்டையும் வைத்துக்கொண்டு, என்ன தெரிகிறதோ அதை அவ்வப்போது இங்கே எழுதலாம் என்றிருக்கிறேன். வாங்குவதற்கு முன் நான் தேடிப் படித்ததெல்லாம் ஒன்று ஒரேயடியாகப் புகழ்ந்தது, இல்லையென்றால் ஒரேயடியாகத் திட்டியது. தினமும் ஓட்டுகிற ஒருவர் என்ன சொல்கிறார் என்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

முதல் இரண்டு நாள் இடது கால் கிளட்சைத் தேடியது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே வண்டி வேகம் குறைகிறது. மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, வண்டியின் ஓட்டத்தை மின்சாரமாக்கி பேட்டரிக்குத் திருப்பி அனுப்பிவிடுகிறது. எவ்வளவு தூரத்தில் காலை எடுத்தால் சிக்னல் கோட்டில் சரியாக நிற்கும் என்பது காலுக்கே பழகிக்கொண்டு வருகிறது.

ஜனவரி 30

வீட்டில் சார்ஜ் போடும் ஏற்பாடு முடிந்தது. தனிச் சார்ஜர் பெட்டி வைக்கவில்லை. வண்டியோடு வந்த கையடக்கச் சார்ஜரை 16 ஆம்பியர் பிளக்கில் போட்டால் மணிக்கு 3 யூனிட் ஏறுகிறது. இரவு பத்து மணிக்குப் போட்டு ஆறு மணிக்குக் கழற்றினால், ஊருக்குள் நான் மூன்று நாலு நாள் ஓட்டத் தேவையானது வந்துவிடும்.

எலக்ட்ரீஷியன் ஒரு விஷயத்தில் கறாராக இருந்தார். வாசல் பக்கம் ஏற்கனவே ஒரு பிளக் இருந்தது. அதில் போடலாமே என்றேன். "அயர்ன் பாக்ஸ் பத்து நிமிஷம் இழுக்கும், கார் பத்து மணி நேரம் விடாம இழுக்கும் சார்" என்றார். மீட்டரிலிருந்து தனியாகத் தடித்த ஒயர், சுமை மிஞ்சினால் தானாக அணையும் தனி எம்சிபி, மின்கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் ஆர்சிசிபி, நல்ல எர்த் என்று எல்லாம் போட்டார். இந்தக் கார் வாங்குகிற எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். நிறம், மாடல் பார்ப்பதற்கு முன் ஒயரைப் பாருங்கள்.

பிப்ரவரி 4

அப்பாவை முதன்முறையாக ஏற்றிக்கொண்டு போனேன். வண்டி தெருமுனை தாண்டிய பிறகு, "ஸ்டார்ட் பண்ணிட்டியா?" என்று கேட்டார்.

பிப்ரவரி 11

இன்று உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். மனதில் பல நாளாக ஓடிக்கொண்டிருந்த கணக்கு.

ஒரு லிட்டர் டீசலில் ஏறக்குறைய 10 யூனிட் ஆற்றல் இருக்கிறது. பெட்ரோலில் சற்றுக் குறைவு, 9 யூனிட் அளவு. யூனிட் என்றால் வீட்டு மீட்டரில் ஓடும் அதே யூனிட்தான், ஒரு கிலோவாட் மணி. என் டீசல் காரின் டேங்க் 45 லிட்டர். அதாவது 450 யூனிட்டைச் சுமந்துகொண்டு போகிறது. மின்சார காரின் பேட்டரி மொத்தமே 40 யூனிட். டீசலில் சொன்னால் வெறும் நாலு லிட்டர்.

அந்த நாலு லிட்டரில் ஊருக்குள் 300 கி.மீ. போகிறேன். டீசல் கார் அதே நாலு லிட்டரில் 70 கி.மீ. சொச்சம் போகும். மீதி எங்கே போகிறது? ரேடியேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் வெப்பமாகப் போகிறது. பத்து வருடமாக நான் வாங்கி ஊற்றிய டீசலில் பெரும்பகுதி காற்றைச் சூடாக்கத்தான் போயிருக்கிறது. போனெட்டைத் தொட்டால் சுடும், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

இதில் நேர்மையாகச் சொல்ல வேண்டிய ஒன்றும் உண்டு. நிலக்கரியில் ஓடும் மின் நிலையத்திலும் பெரும்பகுதி வெப்பமாகத்தான் போகிறது. அந்த வீண் என் போனெட்டுக்குள் இல்லாமல் வேறு ஊரில் நடக்கிறது. பேட்டரி செய்வதற்கே நிறைய ஆற்றல் செலவாகிவிடுவதால், புதிய மின்சார கார் சாலைக்கு வரும்போதே ஒரு கடனோடுதான் வருகிறது. நிறைய ஓட்டினால்தான் அந்தக் கடன் தீரும். காற்றாலையும் சூரிய மின்சாரமும் கூடும் இடத்தில் சீக்கிரம் தீரும். இதைச் சொல்லாமல் "புகையே இல்லாத வண்டி" என்று மட்டும் சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை. அதற்காக ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் இரண்டரைக் கிலோவுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு வெளியே வருகிறது என்பதும் பொய்யாகிவிடாது.

மார்ச் 9

முதல் நெடும்பயணம், 210 கி.மீ. ஊருக்குள் 300 கி.மீ. வரும் வண்டிதானே, நிற்காமல் போய்விடலாம் என்று மகள் நினைத்தாள். அந்தத் துணிச்சல் எனக்கு இல்லை. ஊருக்குள் 100 கி.மீ.க்கு 13 யூனிட் எடுக்கும் வண்டி, நெடுஞ்சாலையில் 100 கி.மீ. வேகத்தில் 17, 18 யூனிட் எடுக்கிறது.

டீசல் வண்டியில் இது தலைகீழ். ஊருக்குள் நெரிசலில் மைலேஜ் விழும், நெடுஞ்சாலையில் ஏறும். நிற்கும்போதும் எஞ்சின் குடித்துக்கொண்டே இருப்பது அங்கே ஒரு பெரிய இழப்பு. மின்சார காருக்கு நெரிசல் ஒரு பொருட்டே இல்லை, நின்றால் மோட்டாருக்குச் செலவு இல்லை. அதற்குப் பகை காற்று. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நாலு மடங்கு. அந்தத் தடை டீசல் காருக்கும் உண்டுதான். அங்கே பெரிய வீணுக்குள் அது மூழ்கிப்போய்விடுகிறது. நாலு லிட்டரை வைத்துக்கொண்டு ஓடும் வண்டியில் எதுவுமே மறையாது. ஏசியை ஏற்றினால் தெரிகிறது, எதிர்காற்று அடித்தால் தெரிகிறது, டயரில் காற்று குறைந்தால் தெரிகிறது.

130 கி.மீ.யில் நிறுத்தி அரை மணி நேரம் வேகச் சார்ஜில் போட்டோம். 43 சதவீதம் 80 ஆனது. அதற்கு மேல் காத்திருப்பது வீண். செல்களின் வோல்டேஜ் உச்சத்தை நெருங்கும்போது மின்னோட்டத்தைக் குறைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் செல் கெட்டுவிடும். அதனால் கடைசி 20 சதவீதம் ஏற, முந்தைய 70 சதவீதத்துக்கு ஆகும் நேரமே ஆகிவிடலாம். டீசலில் மூன்றே கால் மணி நேரப் பயணம், இன்று நாலு மணி நேரம். எனக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை. இடுப்புக்கும் நல்லது.

மார்ச் 11

நேற்றைய திரும்பும் பயணத்தைப் பற்றி இரவே எழுதியிருந்தால் கோபமாக எழுதியிருப்பேன்.

தங்கிய வீட்டில் பிளக் வசதி இல்லை. 45 சதவீதத்தோடு கிளம்பினோம். 75 கி.மீ. தள்ளி ஒரு சார்ஜிங் நிலையம், செயலியில் இரண்டு சார்ஜிங் துப்பாக்கிகளும் (வண்டியில் செருகும் கைப்பிடிகள்) காலி என்று காட்டியது. போய்ப் பார்த்தால் ஒன்றின் திரை செத்துக் கிடக்கிறது. மற்றது வண்டியோடு பேசத் தொடங்கி, பாதியில் பிழை காட்டி நின்றுவிடுகிறது. உதவி எண்ணில் நாற்பது நிமிடம் போனது. மீதி 11 சதவீதம்.

அடுத்த நிலையம் 19 கி.மீ. ஏசியை நிறுத்தி, 60 கி.மீ. வேகத்துக்கு மேல் போகாமல் ஓரமாக ஓட்டினேன். அந்த வேகத்தில் காற்றின் தடை, 100-இல் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். 5 சதவீதத்தோடு போய்ச் சேர்ந்தோம். யாரும் பேசவில்லை, மனைவி மட்டும் சதவீதத்தைப் படித்துக்கொண்டே வந்தாள். பெட்ரோல் தீர்ந்தால் ஒரு பாட்டிலில் வாங்கி வந்து ஊற்றலாம். மின்சாரத்தைப் பாட்டிலில் கொண்டுவர முடியாது. தூக்கிப் போக டோ வண்டி வேண்டும், அதுவும் சக்கரங்கள் தரையில் உருளாமல் மேலே ஏற்றிக்கொண்டு போகிற வண்டி. சக்கரம் சுழன்றால் மோட்டாரும் சுழலும், மின்சாரம் பிறக்கும்.

வழியில் சார்ஜ் போடும் இடம் ஒன்று என்று திட்டமிட்டால் அது திட்டமே இல்லை. எப்போதும் இரண்டு. முதல் நிலையத்திலிருந்து இரண்டாவதுக்குப் போகும் அளவு கையில் இருக்க வேண்டும்.

ஏப்ரல் 2

பெட்ரோல் பங்குக்குப் போய் இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. டீசல் காரை அப்பா எப்போதாவதுதான் எடுக்கிறார்.

மே 18

மலைப்பயணம். சுமை, ஆட்கள் எல்லாம் சேர்த்து வண்டி 1,800 கிலோ இருக்கும். 24 கி.மீ.யில் ஏறக்குறைய 1,000 மீட்டர் ஏற்றம். பள்ளிக்கூட இயற்பியல்தான்: அவ்வளவு எடையை அவ்வளவு உயரம் தூக்க மட்டும் 5 யூனிட் வேண்டும். மற்ற செலவையும் சேர்த்து ஏறும்போது 20 சதவீதம் போனது. கொண்டை ஊசி வளைவுகளில் கியர் மாற்றும் வேலையே இல்லை. நின்ற இடத்திலிருந்தே முழு இழுவிசை வருகிறது. இந்தச் சுகத்தை எவ்வளவு எழுதினாலும் ஓட்டிப் பார்த்தால்தான் புரியும்.

மேலே காலையில் 7 டிகிரி குளிர். ஹீட்டர் போட்டதும் ரேஞ்ச், அதாவது இன்னும் எவ்வளவு தூரம் போகும் என்று திரை காட்டும் கணக்கு, குறைவதைப் பார்த்தேன். டீசல் காரில் ஹீட்டர் இலவசம், எப்படியும் வீணாகப் போகிற எஞ்சின் சூட்டையே உள்ளே திருப்பிவிடுகிறார்கள். இங்கே வீணே இல்லாததால் சூட்டையும் பேட்டரியிலிருந்தே எடுக்க வேண்டியிருக்கிறது.

இறங்கும்போது 46 சதவீதத்தில் தொடங்கினோம், அடிவாரத்தில் 52. என் டீசல் கார் பத்து வருடத்தில் ஒரு துளி டீசலைக்கூடத் திருப்பி டேங்கில் போட்டதில்லை. மலை இறங்கினால் பிரேக் தீய்ந்த வாடைதான் வரும். ஆனால் மேலேயே முழுவதும் சார்ஜ் போட்டுவிட்டு இறங்காதீர்கள். நிரம்பிய பேட்டரியில் திரும்பும் மின்சாரத்துக்கு இடம் இருக்காது, சாதாரண பிரேக்கை நம்பித்தான் இறங்க வேண்டும்.

ஜூலை 7

மூன்று வாரம் வெளியூர். திரும்பி வந்து பார்த்தால் மின்சார கார் திறக்கவே இல்லை. பெரிய பேட்டரியில் 60 சதவீதம் இருக்கிறது, வண்டி பிணம் மாதிரி கிடக்கிறது.

காரணம், மற்ற எல்லாக் கார்களிலும் இருக்கும் அதே சின்ன 12 வோல்ட் பேட்டரி. கதவு, விளக்கு, கணினி எல்லாம் அதில்தான் ஓடுகின்றன. பெரிய பேட்டரியை வண்டியோடு இணைக்கும் சுவிட்ச்சும் இந்தச் சின்னது தரும் மின்சாரத்தில்தான் வேலை செய்யும். சின்னது செத்தால் பெரியது இருந்தும் பயன் இல்லை.

அப்பா ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் ஜம்பர் கேபிளை எடுத்து வந்தார். கையேட்டில் அனுமதி இருக்கிறதா, எந்த முனையில் மாட்ட வேண்டும் என்று பார்த்துக்கொண்டு, டீசல் காரிலிருந்து கொடுத்தோம். ஒரு நிமிடத்தில் திரை எரிந்தது. அப்பாவுக்கு அன்று முழுவதும் முகமெல்லாம் சிரிப்பு.

பெட்ரோல் கார்களைக் கைப்பிடியால் சுற்றி ஸ்டார்ட் செய்த காலத்தில், அந்தக் கஷ்டம் இல்லாததால் பலர் மின்சார கார்களை விரும்பினார்கள். 1912-இல் அமெரிக்காவின் காடிலாக் கார்களில் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங்கின் மின் ஸ்டார்ட்டர் வந்ததும் அந்தச் சாதகம் போய்விட்டது. ஒரு சின்ன பேட்டரியும் ஒரு சின்ன மோட்டாரும் சேர்ந்து பெட்ரோல் காரைக் காப்பாற்றின. இன்று டீசல் கார் அந்த நன்றிக்கடனை என் வாசலில் அடைத்தது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 21

இரண்டு கார்களுக்கும் ஒரே வாரத்தில் சர்வீஸ். டீசலுக்கு எஞ்சின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், கூடவே கிளட்ச் பிளேட் தேய்மானம். மின்சார காருக்கு ஏசி ஃபில்டர், கூலன்ட், பிரேக் ஆயில் பரிசோதனை, டயர்களை இடம் மாற்றுவது, அவ்வளவுதான்.

டயர் மட்டும் நான் எதிர்பார்த்ததைவிட வேகமாகத் தேய்கிறது. எடையும் அதிகம், இழுவிசையும் உடனே வருகிறது. பிரேக் டிஸ்க்கில் லேசாகத் துரு. பிரேக்கை அதிகம் பயன்படுத்தாததுதான் காரணம் என்று மெக்கானிக் சொன்னார். வாரம் ஒருமுறை காலி ரோட்டில் நன்றாக அழுத்திப் பிடிக்கச் சொல்லியிருக்கிறார்.

செப்டம்பர் 15

தங்கை வந்திருந்தாள். "அண்ணா, நானும் இதையே வாங்கட்டுமா?" என்றாள். மூன்றாவது மாடியில் குடியிருக்கிறாள், கீழே பொதுவான பார்க்கிங், பிளக் கிடையாது. பக்கத்தில் வேகச் சார்ஜ் நிலையம் இருக்கிறது, வாரம் ஒருமுறை போட்டுக்கொள்கிறேன் என்கிறாள்.

இப்போது வாங்காதே என்றேன். அவள் முகம் வாடிவிட்டது. எனக்கே கஷ்டமாக இருந்தது, இந்த வண்டி அவ்வளவு பிடித்திருக்கிறது. ஆனால் எனக்குப் பிடித்ததற்குப் பாதிக் காரணம், நான் தூங்கும்போது அது நிரம்புவதுதான். அதை எடுத்துவிட்டால் மார்ச் மாதத்தின் அந்தத் திரும்பும் பயணம்தான் வாராவாரம் அவளுக்கு.

அப்புறம் இரண்டு பேரும் உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். வாரத்துக்கு அவள் ஓட்டுவது 150 கி.மீ. 20 யூனிட். வேகச் சார்ஜரே வேண்டாம், ஒரு 16 ஆம்பியர் பிளக்கில் வாரம் ஒன்றிரண்டு இரவு போதும். இல்லாதது அந்த ஒரு பிளக்தான்.

செப்டம்பர் 28

தங்கையின் குடியிருப்புச் சங்கக் கூட்டத்துக்கு நானும் போனேன். தீப்பிடிக்குமா, யார் மீட்டரில் ஓடும், லிஃப்டுக்கு மின்சாரம் குறையுமா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விகள்தான். முதல் கேள்விக்கு, பேட்டரி தீயை அணைப்பது கடினம், நிறையத் தண்ணீர் வேண்டும், அணைந்த பிறகும் திரும்பப் பற்றலாம் என்பதை மறைக்காமல் சொன்னேன். பழைய ஒயரில் யாராவது எக்ஸ்டென்ஷன் போட்டுச் சார்ஜ் செய்வதுதான் இங்கே பெரிய ஆபத்து, அதனால்தான் தனி லைன் கேட்கிறோம் என்றும் சொன்னேன். ஒரு பெரியவர், தன் மகனும் இதே காரணத்தால் வாங்காமல் இருக்கிறான் என்றார்.

நாலு இடத்துக்குத் தனி மீட்டரோடு லைன் இழுக்க முடியுமா என்று பார்க்க ஒப்புக்கொண்டார்கள். மீட்டர் அறையிலிருந்து தங்கையின் பார்க்கிங் வரை நானும் அவளும் டேப் பிடித்து அளந்தோம். 34 மீட்டர். என் வீட்டு எலக்ட்ரீஷியனையே வரச் சொல்லியிருக்கிறேன், சனிக்கிழமை வருகிறார்.