சர்க்கரையை எப்போது சேர்ப்பது: தீபாவளிச் சிவ்டாவை மூன்று முறை செய்து பார்த்த அனுபவம்

புணேயில் குடியேறியதிலிருந்து ஒவ்வொரு தீபாவளிக்கும் எங்கள் வீட்டில் முறுக்கும் மிக்சரும்தான் செய்து வந்தோம். அவலைக் கொண்டு செய்யும் மராட்டிய மிக்சரான சிவ்டாவைக் கடையில் வாங்கித் தின்றோமே தவிர, செய்து பார்க்கும் எண்ணம் எழுந்ததில்லை. ஓமப்பொடியும் காராபூந்தியும் சேர்ந்த நம்மூர் மிக்சரில் உப்பும் உறைப்பும் மட்டுமே உண்டு. மராட்டியர் வீட்டுச் சிவ்டாவில் உப்பும் பச்சை மிளகாயும் முதலில் நாக்கைத் தொட, நான்கைந்து வாய் தின்ற பிறகுதான் உள்ளே ஓர் இனிப்பு இருப்பது தெரியவரும். பின்னால் வரும் அந்த இனிப்பை வீட்டிலேயே கொண்டுவர முடியுமா என்று பார்ப்பதுதான் 2025ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு நான் எடுத்துக்கொண்ட வேலை. அந்த ஆண்டு நரக சதுர்த்தசி அக்டோபர் 20ஆம் தேதி வந்தது. அன்று விடியலில் எண்ணெய்க் குளியல் முடிந்ததும் உண்ணும் பலகாரத் தட்டை இங்கே ஃபராள் என்கிறார்கள்; சக்லி, கரஞ்சி, சங்கர்பாளி, லாடு ஆகியவற்றோடு சிவ்டாவும் இல்லாத ஃபராள் தட்டை நான் பார்த்ததில்லை. ஆகவே பண்டிகைக்கு இரண்டு வாரங்கள் இருக்கும்போதே தொடங்கினேன்.

அவல் வாங்கச் சென்றபோது கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி, எந்த அவல் என்பதுதான். காலை உணவாகும் காந்தா போஹேவுக்குத் தடித்த அவல். எண்ணெயில் பொரித்துச் செய்யும் சிவ்டாவுக்கு அதிலும் கெட்டியான அவல். பொரிக்காமல் வறுத்துச் செய்யும் சிவ்டாவுக்குப் பாதள் போஹே எனப்படும் மெல்லிய அவல். நான் வாங்கியது இந்த மூன்றாவது வகை. உள்ளங்கையில் வைத்து ஊதினால் பறந்துவிடும் அளவுக்கு அது மெல்லியது. நெல்லை ஊறவைத்து வறுத்துத் தட்டையாக்கியே அவல் செய்வதால், அது ஏற்கெனவே பக்குவமான பொருள். அதை நாம் வேகவைக்க வேண்டியதில்லை, அதிலுள்ள ஈரத்தைப் போக்கினால் போதும். இந்தச் சிறு உண்மை முதல் முறை செய்தபோது என் மனத்தில் இல்லை.

அக்டோபர் 5, ஞாயிற்றுக்கிழமை. பழகிப் பார்ப்பதற்காகக் கால் கிலோ மட்டும் எடுத்துக்கொண்டேன். ரவை வறுக்கும் கைப்பழக்கத்தில் அடுப்பைப் பெரிதாக வைத்து வாணலியில் அவலைக் கொட்டினேன்; இரண்டு நிமிடங்களில் அவல் இதழ்கள் ஓரங்களில் சுருண்டு, பாதி அளவாகச் சுருங்கிப்போயின. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். சர்க்கரையில் செய்த பிழைதான் பெரிது. கடுகு, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, நிலக்கடலை, மஞ்சள்தூள் எல்லாம் சேர்ந்த தாளிப்பில், உப்போடு சர்க்கரையையும் குருணையாகவே போட்டுக் கிளறினேன். காய்ந்த எண்ணெயில் விழுந்த சர்க்கரை உருகிப் பழுப்பேறி நிலக்கடலையின் மேல் பாகாகப் பற்றிக்கொண்டது. ஆறிய பிறகு பார்த்தால் ஒரு பக்கம் கடலைமிட்டாய்த் துண்டுகள், மறுபக்கம் இனிப்பே ஏறாத அவல். பிள்ளைகள் கட்டிகளை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு மற்றதை எனக்கு விட்டுவைத்தார்கள்.

அக்டோபர் 12, இரண்டாம் முறை. இம்முறை அவலைப் பழைய வேட்டியில் பரப்பி மாடி வெயிலில் இரண்டு மணி நேரம் காயவைத்தேன்; காற்றில் பறக்காமல் இருக்க அதன்மேல் ஒரு மெல்லிய துணியையும் போர்த்தினேன். பிறகு அடுப்பைச் சிறிதாக வைத்து, கை ஓயாமல், அதே சமயம் இதழ்கள் நொறுங்காமல், வாணலியின் அடியிலிருந்து மேலாகப் புரட்டியபடி வறுத்தேன். பதம் பார்ப்பது எளிது: ஓர் இதழை எடுத்து விரல்களுக்கிடையில் வைத்து அழுத்தினால் மடங்கக் கூடாது, சட்டென்று முறிய வேண்டும். நிறம் மாறும்வரை காத்திருந்தால் பதம் தாண்டிவிடும். வெள்ளையாக இருக்கும்போதே அவல் மொறுமொறுப்பாகிவிடுகிறது. சர்க்கரையையும் மிக்சியில் பொடித்து, தாளிப்பில் போடாமல் கடைசியில் தூவினேன். நாக்கில் வைத்தபோது நான் தேடிய அந்தப் பின்வரும் இனிப்பு கிட்டியது. எறும்புக்குப் பயந்து உடனே எவர்சில்வர் டப்பாவில் கொட்டி மூடியும் விட்டேன்.

மறுநாள் காலை மூடியைத் திறந்தபோது அதன் உட்புறத்தில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. கைச்சூடு அளவே இருந்த கலவையிலிருந்து கிளம்பிய ஆவி வெளியேற வழியின்றி மூடியில் பட்டு நீராகியிருக்கிறது. ஈரத்தைக் கண்டால் விடாமல் இழுத்துக்கொள்ளும் சர்க்கரைப் பொடி அந்த நீரைக் குடித்து அவலின் மேல் பசையாகப் படிந்துவிட்டது. அழகுக்காகச் சேர்த்திருந்த உலர்திராட்சையும் தன் பங்குக்கு ஈரத்தைக் கொடுத்திருக்கும். கறிவேப்பிலைகளில் பாதி, பார்ப்பதற்குப் பொரிந்ததுபோல இருந்தாலும், நசுக்கினால் வளைந்தன. பதமிழந்த அந்தச் சிவ்டாவைத் தூக்கி எறிய மனம் வரவில்லை. வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி, கொத்தமல்லித் தழையும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துப் பிசைந்து மாலைச் சிற்றுண்டியாக்கினேன். உண்மையைச் சொன்னால் அது நன்றாகவே இருந்தது.

கீழ்த்தளத்தில் வசிக்கும் மராட்டிய அம்மையாரைக் குடியிருப்பில் எல்லாரும் காகூ என்றே அழைக்கிறோம். நம் சித்தி போன்ற முறைச்சொல் அது. ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு அவரிடம் சென்றேன். அவர் தின்று பார்க்கக்கூட இல்லை. கிண்ணத்தைக் குலுக்கிக் காதருகே வைத்துக் கேட்டார். சலசலவென்ற ஓசை வராததைக் காட்டிச் சிரித்துவிட்டு, மூன்று திருத்தங்களைச் சொன்னார். மிளகாயையும் கறிவேப்பிலையையும் கழுவி முதல் நாள் இரவே துணியில் உலர்த்த வேண்டும். மஞ்சளும் உப்பும் தாளிப்பிலேயே சேர வேண்டும், அப்போதுதான் எண்ணெயோடு சென்று எல்லா இதழிலும் ஒட்டும்; மேலே தூவும் உப்பு இரண்டே நாளில் டப்பாவின் அடிக்குப் போய்விடும். சர்க்கரையை மட்டும், கலவைக்குள் உள்ளங்கையைப் புதைத்தால் துளியும் சூடு தெரியாத வேளையில் சேர்க்க வேண்டும். பொறுமையாக இருங்கள் என்று சொல்வதைக் காட்டிலும் கைக்கு ஓர் அளவைக் கொடுத்தது எனக்கு மிகவும் உதவியது.

அக்டோபர் 18, தனத்திரயோதசி நாள். இம்முறை அரைக் கிலோ அவல். நிலக்கடலை 150 கிராம், பொட்டுக்கடலை 100 கிராம், கொப்பரைத் தேங்காய் 75 கிராம், முந்திரி 50 கிராம், பச்சை மிளகாய் எட்டு, கறிவேப்பிலை மூன்று கைப்பிடி, வெள்ளை எள் இரண்டு தேக்கரண்டி, கசகசா ஒரு தேக்கரண்டி, எண்ணெய் முக்கால் கோப்பை என்று எடுத்து வைத்துக்கொண்டேன். உலர்திராட்சையை விட்டுவிட்டேன். கொப்பரையைத் துருவாமல் நகக்கண் அளவு கனத்தில் கீற்றுகளாகச் சீவ வேண்டும் என்பதால், அதற்கே அரை மணி நேரம் பிடித்தது. நிலக்கடலை சிவக்க நிதானமாக நேரம் எடுத்துக்கொள்கிறது. கொப்பரைக் கீற்று அப்படியல்ல: எண்ணெயில் விழுந்ததும் ஓரம் பொன்னிறமாகும், கரண்டியை எடுக்கத் திரும்பினால் கறுத்துவிடும். ஆகவே ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பொரித்து எடுத்தேன்.

மிஞ்சிய எண்ணெயில் கடுகு வெடித்ததும் மிளகாயைப் போட்டு, அது வெளுத்து விறைக்கும்வரை காத்திருந்தேன். கறிவேப்பிலையைப் போட்டதும் எழுந்த சடசடப்பு முற்றிலும் அடங்கிய பிறகே எள்ளும் கசகசாவும் சேர்த்தேன். எண்ணெயில் அந்த ஓசை இருக்கும்வரை இலையில் ஈரம் இருக்கிறது என்று பொருள். அடுப்பை அணைத்துப் பெருங்காயம், மஞ்சள், இரண்டரைச் சிறு கரண்டி உப்பு ஆகியவற்றைக் கலக்கி, வறுத்த அவலின் மேல் சுற்றிலும் ஊற்றினேன். பொட்டுக்கடலையையும் பொரித்தவற்றையும் சேர்த்து இரு கைகளாலும் ஏந்திப் புரட்டியபோது, வெள்ளை இதழ்கள் ஒவ்வொன்றாக மஞ்சளாவதைப் பார்க்க நன்றாக இருந்தது. பின்னர் அகலமான பரந்த தாம்பாளங்கள் இரண்டில் பரப்பிவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டேன். இரண்டு மணி நேரம் கழித்து உள்ளங்கையைப் புதைத்துப் பார்த்து, நான்கு தேக்கரண்டி சர்க்கரைப் பொடியைச் சல்லடையில் சலித்துத் தூவினேன்.

காகூ கிண்ணத்தைக் குலுக்கினார், ஓசை வந்தது. தின்றுவிட்டு, இனிப்பு ஒரு பிடி அதிகம் என்றார். என் வீட்டிலோ இனிப்பு போதாது என்றார்கள். தீபாவளியின் கடைசி நாளான பாவுபீஜ் அக்டோபர் 23 அன்று வந்தது. அதுவரை டப்பா பாதியாகக் குறைந்திருந்தபோதும் மொறுமொறுப்பு குறையவில்லை. அடியில் கசகசாவும் நொறுங்கிய அவலும் கொஞ்சம் சர்க்கரையுமாகத் தங்கிய தூளைத் தயிரில் கலந்து என் மகன் தின்று தீர்த்தான். அடுத்த முறைக்கான குறிப்பு ஒன்றே: அரைக் கிலோ அவலுக்கு மூன்றரைத் தேக்கரண்டி சர்க்கரைப் பொடி, மிளகாய் பத்து.