பின்பக்கம் பார்த்து வாங்கியவை: யூகட்டான் கப்பல் பயண நாட்குறிப்பு

பிப்ரவரி 10, 2025, திங்கள். கால்வெஸ்டன், டெக்சாஸ்

மாலை நான்கு மணிக்குக் கப்பல் கிளம்பியது. மெக்சிகோவின் யூகட்டான் பக்கம் போய்வர மொத்தம் ஐந்து இரவுகள். புதன்கிழமை ப்ரொக்ரெஸோ துறைமுகம், வியாழன் கோசுமெல் தீவு, சனி காலை மறுபடி இங்கே. அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார். கடலையே பார்த்துக்கொண்டு மேல்தளத்தில் உட்கார்ந்திருக்கிறார், குளிர்காற்றுக்குச் சால்வை போர்த்தியபடி.

2019இல் இதே வழியில் வந்தபோது கோசுமெல் துறைமுக வாசலிலேயே வெள்ளிச் சங்கிலி என்று நம்பி ஒன்று வாங்கினேன். அண்ணிக்குக் கொடுத்தேன். இரண்டு மாதத்தில் கழுத்தில் பச்சை படிய ஆரம்பித்திருக்கிறது. அண்ணி என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ரொம்ப நாள் கழித்து அண்ணன் வாயிலிருந்துதான் வந்தது. அதை நினைத்தால் இன்றும் மனம் கூசுகிறது. இந்த முறை அண்ணிக்கு உண்மையான ஒரு பொருள் கொண்டுபோக வேண்டும். அதற்காகவே மூன்று மாதமாகப் படித்து வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 11, செவ்வாய். கடலில்

காலையில் அரங்கில் ‘எங்கே என்ன வாங்கலாம்’ என்று ஒரு மணி நேரம் பேசினார்கள். கையில் கடை வரைபடம் கொடுத்தார்கள். இந்த மாதிரி வரைபடங்களில் கடைகள் விளம்பரத்துக்குப் பணம் கட்டித்தான் இடம்பிடிக்கின்றன என்று தெரிந்துகொண்டு பார்த்தால் நல்லது. பெரும்பாலும் வைரம், கைக்கடிகாரம், டான்சனைட். டான்சனைட் உலகத்திலேயே தான்சானியாவில் மட்டும் கிடைக்கிற கல். மெக்சிகோ போனதன் ஞாபகமாக அதை ஏன் வாங்க வேண்டும்?

நான் எனக்கென்று வைத்துக்கொண்ட கேள்விகள் மூன்று. எதில் செய்தது? எந்த ஊரில் செய்தது? யார் செய்தது? கடைசிக் கேள்விக்கு ஸ்பானிஷில் ‘கியென் லோ இசோ’ என்று கேட்க வேண்டும். அம்மாவும் இரவுச் சாப்பாட்டின்போது சொல்லிச் சொல்லிப் பழகினார்.

பிப்ரவரி 12, புதன். ப்ரொக்ரெஸோ, மெரிடா

எழுத நிறைய இருக்கிறது. கால் வலிக்கிறது, ஆனாலும் இன்றே எழுதிவிடுகிறேன்.

ப்ரொக்ரெஸோவில் கடல் ஆழமில்லை. அதனால் கப்பல் நிற்கும் பாலம் கரையிலிருந்து ஆறரை கிலோமீட்டர் உள்ளே போகிறது. இலவசப் பேருந்தில் ஊருக்குள் கொண்டுவந்து விடுகிறார்கள். இந்தத் துறைமுகம் வளர்ந்ததே நாரால்தான். எனகென் என்கிற கற்றாழை நார் 1870களிலிருந்து இங்கிருந்து உலகமெங்கும் கயிறாகப் போனது. அதற்கு முன் நார் ஏற்றுமதியானது பக்கத்திலுள்ள சிசால் துறைமுகத்தில். நம் கடைகளில் ‘சிசல்’ கயிறு என்று சொல்கிறோமே, அந்தப் பெயர் அங்கிருந்து வந்ததுதான்.

கடற்கரைக் கடைகளில் நிற்காமல் ஊர்ப் பேருந்து பிடித்து மெரிடா போனோம். முக்கால் மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆனது. அங்கே மாநில அரசு நடத்தும் கைவினை விற்பனை நிலையம் இருக்கிறது, காசா தே லாஸ் ஆர்த்தெசானியாஸ். முதலில் அங்கே போய்க் கண்ணைப் பழக்கிக்கொள்வது என்று முடிவு செய்திருந்தேன். நல்ல வேலைப்பாடு எப்படி இருக்கும், என்ன விலை என்று ஒருமுறை தெரிந்துவிட்டால் தெருவில் ஏமாற மாட்டோம்.

உய்பில் பார்த்தோம். இந்தப் பகுதியின் பழங்குடியான மாயா பெண்கள் உடுத்தும் வெள்ளைச் சட்டை, கழுத்தைச் சுற்றியும் கீழ் ஓரத்திலும் பூ வேலை. நான் முன்பக்கம் பார்த்து மயங்கி நின்றேன். அம்மா முப்பது வருஷம் தையல் டீச்சராக இருந்தவர். “அதைத் திருப்பிக் காட்டச் சொல்லும்மா” என்றார். அப்புறம் அங்கேயே ஒரு பாடம் நடந்தது.

கம்ப்யூட்டர் எந்திரத்தில் போட்டது என்றால் பின்பக்கம் முழுக்க ஒரே வெள்ளை நூல் ஓடும், ஓரத்தில் காகிதம் மாதிரி ஒட்டுத்துணி மிச்சம் இருக்கும், பத்துப் பூவும் அச்செடுத்தாற்போல் இருக்கும். கையால் போட்ட கிராஸ் ஸ்டிச்சில் முன்னால் என்ன நிறமோ பின்னாலும் அதே நிறம், நூல் முடிகிற இடத்தில் சொருகி விட்டிருப்பது தெரியும். மாயா மொழியில் இதற்கு ஷொக் பி சூய் என்று பெயர். எண்ணித் தைப்பது என்று அர்த்தம். கட்டம் எண்ணித்தானே போட முடியும்!

இன்னொரு வகையும் உண்டு. வீட்டுப் பெண்கள் மிதி தையல் எந்திரத்தில் துணியைக் கையால் நகர்த்தி நகர்த்திப் போடும் பூ. எந்திரம் என்பதால் அதைப் போலி என்று நான் ஒதுக்கப் பார்த்தேன். அம்மா விடவில்லை. ஒரு இதழ் பெரிது, ஒரு இதழ் சிறிது, அங்கே கை தெரிகிறது என்றார். அம்மா சொன்னதுதான் சரி. யூகட்டான் கிராமங்களில் பல தலைமுறையாக இப்படித்தான் தைக்கிறார்கள். அண்ணிக்கு கிராஸ் ஸ்டிச் உய்பில் ஒன்று, எனக்கு மிதி எந்திரப் பூ போட்ட கைக்குட்டை நான்கு.

அடுத்து ஊஞ்சல் படுக்கை, அமாகா. அதில் யூகட்டானை மிஞ்ச இடமில்லை. இங்கே வீட்டுச் சுவரிலேயே கொக்கி வைத்துக் கட்டுகிறார்கள், இரவில் அதில்தான் பலர் தூங்குகிறார்கள். மெரிடாவுக்குக் கிழக்கே திக்ஸ்கோகோப் என்ற ஊர் இதற்குப் பெயர்போனது. இரண்டு கட்டை நட்ட சட்டத்தில் முடிச்சே இல்லாமல் பின்னுவார்கள். ஒன்று முடிய வாரக்கணக்கில் ஆகும். வாங்கும்போது இரு முனையிலும் உள்ள கயிற்று ஜோடிகளை எண்ண வேண்டும். பொதுவாக ஐம்பது ஜோடி என்றால் ஒற்றை ஆளுக்கு, நூறு என்றால் இரட்டை, நூற்றைம்பது என்றால் தம்பதி அளவு. கையில் தூக்கினால் கனம் தெரிய வேண்டும். விரித்தால் கண்ணிகள் நெருக்கமாக இருக்க வேண்டும். குறுக்கே மரக்கட்டை வைத்த ஊஞ்சல் இந்த ஊர்ப் பழக்கம் இல்லை. பருத்தி நூல் உடம்புக்கு இதம். நைலான் வெயிலுக்கும் மழைக்கும் தாங்கும், அதையும் இங்கே பின்னுகிறார்கள். பருத்தியில் நூற்றைம்பது ஜோடி, ஆயிரத்து முந்நூறு பேசோ கொடுத்தேன். டாலருக்கு இருபது பேசோ சொச்சம் என்று கணக்கு வைத்துக்கொண்டால் அந்த உழைப்புக்கு இது கொஞ்சம்தான். பேரம் பேசவில்லை. கையால் செய்தவரிடம் விலையைப் பாதியாகக் குறைத்துக் கேட்பது எனக்குப் பிடிக்காது.

தொப்பியும் ஒன்று, என் கணவருக்கு. ஹிப்பி என்பார்கள். பக்கத்து மாநிலமான காம்பெச்சேயில் பெகால் என்ற ஊரில் பனையோலை போன்ற ஓலை ஒன்றில் பின்னுகிறார்கள், அதுவும் வீட்டுக் கொல்லையில் தோண்டிய குகைக்குள் உட்கார்ந்து. உள்ளே ஈரப்பதம் இருப்பதால் நார் முறியாமல் வளையும். நல்ல தொப்பியைச் சுருட்டி விட்டால் பழைய உருவத்துக்கு வந்துவிடும். கடைக்காரரே சுருட்டிக் காட்டினார்.

ஒரு சின்னக் குப்பி தேனும் வாங்கினோம். கொட்டாத தேனீயின் தேன். மாயாவில் ஷுனான் காப், சீமாட்டித் தேனீ. தண்ணீராக, லேசான புளிப்போடு இருந்தது. “நம்ம கொசுத்தேன் மாதிரியே இருக்கே” என்றார் அம்மா. ஒரு கூட்டில் வருஷத்துக்கு ஒன்றிரண்டு லிட்டர்தான் கிடைக்கும். பெரிய பாட்டிலில் மலிவாக விற்றால் சந்தேகப்பட வேண்டும்.

பிப்ரவரி 13, வியாழன். கோசுமெல்

இந்தத் தீவில் அந்த மண்ணுக்கே உரிய கைத்தொழில் குறைவு. கடைகளில் இருப்பதில் பெரும்பகுதி மெக்சிகோவின் மற்ற மூலைகளிலிருந்து வருவது. தாலவெரா பீங்கான் புவெப்லாவிலிருந்தும் த்லாக்ஸ்கலாவிலிருந்தும், கறுப்பு மண்பாண்டம் ஓஹாகாவிலிருந்தும், மணி பதித்த பொம்மை மேற்கு மலைகளில் வாழும் விஷாரிகா மக்களிடமிருந்தும் வருகிறது. அதெல்லாம் உண்மையான பொருளாக இருக்கலாம். ஆனால் கோசுமெல்லில் செய்தது என்று யாராவது சொன்னால் அது பொய்.

வெள்ளிக்கடைகளில் இந்த முறை நிதானமாக நின்றேன். தாஸ்கோ, மெக்சிகோவில் வெள்ளிக்குப் பெயர்பெற்ற ஊர். 1931இல் வில்லியம் ஸ்ப்ராட்லிங் என்ற அமெரிக்கர் அங்கே பட்டறை தொடங்கிய பிறகு நகைத்தொழில் மறுபடி தழைத்தது. நல்ல நகையில் 925 (ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி) என்ற எண்ணோடு, செய்தவரைக் குறிக்கும் எழுத்தும் எண்ணும் பொறித்திருக்கும். தாஸ்கோ என்றால் முதல் எழுத்து டி (T). ‘அல்பாகா’ என்று எழுதியிருந்தால் அதில் வெள்ளியே கிடையாது. செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த உலோகம் அது. என் பழைய சங்கிலியில் எந்த முத்திரையும் இருந்ததாக ஞாபகமில்லை. அன்றைக்குத் திருப்பிப் பார்க்கவே இல்லை நான். இன்று பூதக்கண்ணாடி கேட்டு வாங்கி, கொக்கியின் உள்பக்கம் பார்த்து, ஒரு மெல்லிய வளையல் எடுத்தேன். இதுவும் அண்ணிக்குத்தான்.

மணி பதித்த ஒரு மான் அழகாக இருந்தது. மரத்தின் மேல் தேன்மெழுகு பூசி ஒவ்வொரு மணியாக அழுத்துவார்கள். நகத்தால் மெல்ல அழுத்தினால் மெழுகு தெரிய வேண்டும். பசையில் ஒட்டியதும் உண்டு, வண்ணப் பிளாஸ்டிக் உறையைச் சுற்றியதும் உண்டு. மெழுகுதான் என்று உறுதியான பிறகும் வாங்கவில்லை. எந்த ஊர், யார் செய்தது என்று கேட்டதற்கு அந்தக் கடையில் யாருக்கும் பதில் தெரியவில்லை.

வனிலா விஷயம் எல்லோருக்கும் தெரிய வேண்டியது. ஒரு லிட்டர் பாட்டில் சில டாலருக்கு விற்கிறார்கள். வனிலா பிறந்த நாடே மெக்சிகோதான், வெராக்ரூஸின் பாபாந்த்லா பக்கம் இன்றும் விளைகிறது. ஆனால் ஒவ்வொரு பூவையும் கையால் மகரந்தம் சேர்த்து, காயை மாதக்கணக்கில் பதப்படுத்தி எடுப்பது இந்த விலைக்கு வரவே வராது. அதைவிட முக்கியம், மலிவுச் சரக்கில் கூமரின் என்ற பொருள் கலந்திருக்க வாய்ப்புண்டு. ஈரலுக்குக் கெடுதல் என்பதால் அமெரிக்காவில் 1954இலிருந்து உணவில் சேர்க்கத் தடை. இதைப் போய்க் குழந்தைகளுக்குக் கேக் செய்யக் கொடுப்பதா?

கருப்புப் பவளம், ஆமை ஓடு இரண்டையும் தொடக்கூடாது. கருப்புப் பவளம் மிக மெதுவாக வளரும் உயிர், அதன் பன்னாட்டு வணிகத்துக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. கடலாமை பிடிப்பதை மெக்சிகோ 1990இலேயே தடை செய்துவிட்டது.

கடற்கரைச் சாலையை விட்டு நான்கைந்து தெரு உள்ளே நடந்தால் ஊர்ச் சந்தை. மீன், பப்பாளி, சோள அடை. அங்கே ஒரு அம்மா சிவப்பாக உருண்டை பிடித்து விற்றுக்கொண்டிருந்தார். ரெகாடோ ரோஹோ. சிவப்பு நிறம் தரும் அச்சியோத்தே விதையோடு பூண்டு, மிளகு, சீரகம், கிராம்பு சேர்த்து அரைத்த மசாலா. அம்மா முகர்ந்து பார்த்துவிட்டு, “கியென் லோ இசோ?” என்றார். அந்த அம்மா சிரித்துக்கொண்டே தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

ஆறு உருண்டை வாங்கினோம்.

பிப்ரவரி 14, வெள்ளி. கடலில்

நாளெல்லாம் அலை. அம்மாவுக்குத் தலைசுற்றல், படுத்தேயிருந்தார். நான் சுங்கத்துக்காக வாங்கியதையெல்லாம் ஒரு தாளில் எழுதினேன். தேன், மசாலா எதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

பிப்ரவரி 15, சனி. வீடு

சுங்கத்தில் சிக்கல் இல்லை. தேன் குப்பியைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள்.

பிப்ரவரி 23, ஞாயிறு

அண்ணன் குடும்பம் டல்லஸிலிருந்து வந்திருந்தது. உய்பிலைக் கொடுத்தேன். பழைய சங்கிலியைப் பற்றி நானே பேச்சை எடுத்து மன்னிப்புக் கேட்டேன். “அதெல்லாம் எப்பவோ மறந்தாச்சு” என்றார் அண்ணி. வளையலை அப்போதே கையில் போட்டுக்கொண்டார்.

மதியம் அம்மா ரெகாடோவை எலுமிச்சைச் சாற்றில் கரைத்து மீனில் தடவி வாழையிலையில் சுற்றி வேகவைத்தார். யூகட்டானில் நாரத்தை மாதிரிப் புளிப்பு ஆரஞ்சுச் சாறு விடுவார்கள், இங்கே அது கிடைக்கவில்லை. இரண்டு உருண்டை காலி.

கொல்லை வராந்தாவில் அமாகாவும் கட்டியாயிற்று. கொக்கிகளுக்கு நடுவே மூன்று மீட்டருக்குமேல் இடம் விட்டு, தலைக்கு மேல் உயரத்தில். நேராகப் படுத்தால் முதுகு வளையும், குறுக்குவாட்டில் படுத்தால்தான் சமமாக விரியும். அண்ணன் மகனுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தேன். அதிலேயே தூங்கிப்போனவனை இரவு ஏழு மணிக்கு எழுப்பித்தான் காரில் ஏற்ற வேண்டியிருந்தது.