கமரனுக்குக் கிடைத்த ஒரு நாள்

எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் மலருக்காகப் பள்ளி நினைவுகளை எழுதச் சொன்னார்கள். நான் ஒரு ஆங்கிலப் பகிடிப் படத்தைப் பற்றி எழுதுகிறேன், ஏனென்றால் எங்கள் வகுப்புப் பெடியள் சிலர் தொண்ணூறுகளில் ரொறன்ரோவில் ஒரு பேஸ்மென்டில் சேர்ந்திருந்த காலத்தில் எங்களைப் பழையபடி சிரிக்க வைத்தது அதுதான். ஜோன் ஹியூஸ் எழுதி இயக்கிய 'பெரிஸ் பியூலர்ஸ் டே ஓஃப்', 1986இல் வந்தது.

கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. சிகாகோவுக்குப் பக்கத்தில் இருக்கும் பள்ளிக்கூடப் பெடியன் பெரிஸ் வருத்தம் என்று படுத்து, தாய் தகப்பனை நம்பவைத்துவிட்டு, காதலி ஸ்லோனையும் நண்பன் கமரனையும் இழுத்துக்கொண்டு, கமரனின் தகப்பன் தொடவே விடாத 1961ஆம் ஆண்டு பெராரிக் காரில் நகரம் சுற்றப் போகிறான். சியர்ஸ் கோபுரம், ரிக்லி மைதானத்தில் பேஸ்போல், பிறகு ஜெர்மன் வம்சாவளியினரின் ஊர்வலத்தில் ஊர்தியில் ஏறிப் பாட்டு. அது உண்மையாகவே வருடாவருடம் நடக்கிற ஊர்வலம், படக்குழு தங்கள் ஊர்தியையும் அதற்குள் விட்டுப் படம் பிடித்தது.

வகுப்பறைக் காட்சியை எங்களில் யாரும் மறக்கவில்லை. பொருளியல் வாத்தியாராக வரும் பென் ஸ்டைன், ஜனாதிபதி நிக்சனுக்கு உரை எழுதிக் கொடுத்தவர், ஏற்ற இறக்கமே இல்லாத குரலில் 1930ஆம் ஆண்டுத் தீர்வைச் சட்டத்தைப் பற்றிக் கேள்வி கேட்டு, "யாராவது? யாராவது?" என்று காத்திருந்து, கடைசியில் தானே பதிலையும் சொல்லுகிறார். பிள்ளைகள் வாயைத் திறந்தபடி நித்திரை. அவர் இடாப்புக் கூப்பிட்டு பியூலர், பியூலர் என்று இழுக்கும்போது எங்களுக்கு மத்தியான வெயிலில் நடந்த ஏ.எல் வகுப்பு அப்படியே கண்ணுக்கு முன்னால் வந்தது.

ஆனால் அந்தப் படத்தை நாங்கள் திரும்பத் திரும்பப் போட்டதற்குக் காரணம் வேறு என்று நினைக்கிறேன். அந்த ஒரு நாளில் யாருக்கும் ஒன்றும் நடக்காது. சோதனைச் சாவடி இல்லை, பிள்ளை பொழுதுபட முன்னம் வந்து சேருமா என்று வாசலில் நிற்கிற அம்மா இல்லை, அவர்களைத் துரத்துகிற ஒரே ஆள் பள்ளிக்கூடத்தில் மாணவர்களுக்குப் பொறுப்பான ரூனி, அவரையும் நாயே பார்த்துக்கொள்கிறது. பதினேழு வயதில் எங்களுக்குக் கிடைக்காதது அந்தப் பயமில்லாத பகல். இலேசான படம் என்று சிலர் தள்ளிவிடுவார்கள், எனக்கு அந்த இலேசுதான் பெரிய விஷயம்.

அப்புறம் கமரன். படத்தின் உயிர் பெரிஸ் இல்லை, எதற்கும் பயந்து, வருத்தக்காரனாகவே படுத்துக் கிடக்கும் கமரன்தான். ஓவியக்கூடத்தில் அவன், புள்ளி புள்ளியாகத் தீட்டிய பிரெஞ்சு ஓவியர் சூராவின் பெரிய ஓவியத்துக்கு முன்னால் நிற்பான். ஒருமுறை அவன் முகம், ஒருமுறை ஓவியத்துக்குள் இருக்கும் சின்னப் பிள்ளையின் முகம், கமரா கிட்டக் கிட்டப் போய்க் கடைசியில் வெறும் புள்ளிகள்தான் மிஞ்சும். ஹியூஸ் தன் பள்ளிக் காலத்தில் ஒதுங்கிப் போய் இருந்த இடம் அது. அதனால்தான் அவசரமே படாமல் எடுத்திருக்கிறார். கார் உடைந்த பிறகு பழியைத் தான் ஏற்கிறேன் என்று பெரிஸ் சொல்ல, வேண்டாம், அப்பாவோடு நானே கதைக்கிறேன் என்கிறான் கமரன். அந்த இடத்தில் பேஸ்மென்டில் ஒருவரும் சிரிக்கவில்லை.

அடுத்த ஒன்றுகூடலில் வளர்ந்த பிள்ளைகளோடு சேர்ந்து இதைப் போட்டுப் பார்க்கலாம் என்று சங்கத்திடம் கேட்டிருக்கிறேன். பெயர்கள் ஓடும்போது எழும்பிவிடாதீர்கள், பெரிஸ் திரும்ப வந்து எல்லோரையும் வீட்டுக்குப் போகச் சொல்லுவான்.