சேர் செசில் ஹேர்ஸ்ட்: உடன்படிக்கை வரைந்த அப்புக்காத்து

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு, கோட்டில் வாதாடிப் பேரெடுத்த அப்புக்காத்துமாரைத் தெரியும். செசில் ஹேர்ஸ்டையும் அவர்கள் அறிய வேண்டும்.

1870இல் பிறந்தவர். 1893இல் பாரிஸ்டர். 1902இல் பிரித்தானிய வெளிநாட்டு அலுவலகத்தில் உதவிச் சட்ட ஆலோசகர், 1918இல் தலைமை ஆலோசகர். ஒப்பந்தத்தின் எந்த வாசகம் அரசைக் கட்டும், எது கட்டாது என்று கோப்பில் குறிப்பெழுதுவதுதான் வேலை. முடிவு அமைச்சருடையது.

1919இல் பாரிஸ் சமாதான மாநாட்டில், அமெரிக்கரான டேவிட் ஹண்டர் மில்லருடன் சேர்ந்து, ஐ.நா.வுக்கு முன்பிருந்த நாடுகளின் அமைப்பான சர்வதேச சங்கத்தின் உடன்படிக்கைக்கு வரைவு எழுதினார். பெப்ரவரி 3இல் மாநாட்டின் ஆணைக்குழு அதையே அடிப்படையாக எடுத்தது. 14ஆம் திகதியே திருத்திய வரைவு மாநாட்டுக்கு வந்துவிட்டது. அவ்வளவு அவசரம்.

ஏப்ரலில் நிறைவேறிய இறுதி வடிவத்தில் 26 உறுப்புரைகள். 12ஐயும் 15ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். பிணக்கை நடுத்தீர்ப்புக்கோ, வல்லரசுகளும் வேறு சில நாடுகளும் இருந்த சங்கத்தின் சபைக்கோ கொண்டுபோக வேண்டும், தீர்ப்போ அறிக்கையோ வந்து மூன்று மாதம் கழியும்வரை போர் தொடுக்கக் கூடாது என்கிறது 12. ஆனால் 15இன் 7ஆம் பந்தி, பிணக்குக்காரர் தவிர்ந்த சபை உறுப்பினர் எல்லோரும் ஒருமித்து அறிக்கை தராவிட்டால், அவரவர் நீதியெனக் கருதியதைச் செய்ய விடுகிறது. ஒரே ஒரு நாடு மறுத்தாலே போதும், வழி திறந்துவிடும். இந்த ஓட்டையை வரைஞரின் கவனக்குறைவாக நான் பார்க்கவில்லை. போர் தொடுக்கும் உரிமையைப் பெரும்பான்மை வாக்குக்கு விட வல்லரசுகள் இணங்கவில்லை. எல்லையில் ஒத்துப்போகாத இருவருக்கு நொத்தாரிசு எவ்வளவு நுணுக்கமாக உறுதி முடித்தாலும் வழக்கு வரத்தான் செய்யும்.

நம்மவர் கவனிக்க இன்னொன்று. புதிதாகச் சேரும் நாடு முழுத் தன்னாட்சி உடையதாக இருக்க வேண்டும் என்கிறது 1ஆம் உறுப்புரை. தன்னாட்சி இல்லாத இந்தியா, உடன்படிக்கையின் பின்னிணைப்பில் பெயர் இருந்ததால் ஆரம்ப உறுப்பினரானது. முடிக்குரிய குடியேற்றமான இலங்கைக்கு அதில் இடமில்லை.

1929இல் ஹேர்ஸ்ட் ஹேக்கில் இருந்த நிரந்தர சர்வதேச நீதிமன்றத்தின் நீதிபதியானார், 1934 முதல் 1936 வரை அதன் தலைவர். அங்கும் வாசகத்தை விட்டு அவர் நகரவில்லை. 1931இல் ஜேர்மனி–ஒஸ்திரியா சுங்க ஒன்றியம், தன் பொருளாதாரச் சுதந்திரத்தை விட்டுக்கொடுப்பதில்லை என்று ஒஸ்திரியா 1922இல் கையொப்பமிட்ட ஜெனீவா நெறிமுறைக்கு முரணானது என்று நீதிமன்றம் 8க்கு 7 எனக் கருத்துச் சொன்னது. மறுத்த ஏழுபேரில் ஹேர்ஸ்டும் ஒருவர். இது ஒப்பந்தங்களுக்குப் பொருள்கோடல் செய்யும் சட்டக் கேள்வி மட்டுமே, அரசியல் விளைவுகள் நீதிமன்றத்தின் வேலையல்ல என்பது அவர்கள் வாதம். கருத்து வெளியானது செப்டெம்பர் 5இல். இரு நாடுகளும் 3ஆம் திகதியே திட்டத்தைக் கைவிட்டிருந்தன.