வயலுக்குச் சொந்தக்காரி

“இந்த வயல் உங்களுடையதா?” என்று கேட்டதும், முழங்கால் சேற்றில் நின்றிருந்தவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சிரித்தார். “என்னுடையதா? உள்ளே போய் அமாக்கிடம் கேளுங்கள்” என்று வீட்டுப் பக்கம் கையைக் காட்டினார். அமாக் என்றால் அம்மா. அவருடைய அம்மா இல்லை, மாமியார்.

இந்தோனேசியாவின் மேற்கு சுமத்ராவில், மராப்பி எரிமலையின் தெற்குச் சரிவில், பரியாங்கானை ஒட்டியிருக்கிறது அந்த ஊர். பாடாங்கில் இறங்கி, அனாய் அருவி சாலையோரத்திலேயே கொட்டும் மலைப்பாதையில் பாடாங் பஞ்சாங் வந்து, அங்கிருந்து பத்துசங்கார் போகும் வண்டியில் பாதி வழியில் இறங்கிக்கொண்டேன். 2024 மே மாதம் எரிமலைச் சாம்பலை வாரிக்கொண்டு வந்த வெள்ளம் அந்த மலைப்பாதையை அறுத்துப் போட்டிருந்தது. அறுபதுக்கு மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். மலை தந்த மண்ணில்தான் விளைகிறது. அதே மலைதான் அவ்வப்போது வந்து கேட்கவும் செய்கிறது.

ஊரை ‘நாகாரி’ என்கிறார்கள். பெயர்தான் நகரி. பார்த்தால் படிப்படியாக இறங்கும் வயல், மீன் குளம், தென்னை, இலவங்கப்பட்டை மரம், மசூதி, அவ்வளவுதான். குடிக்கக் காப்பி இலைத் தண்ணீர் கொடுத்தார்கள். டச்சுக்காரன் காலத்தில் காப்பிக் கொட்டையை அவனிடம் கட்டாயமாக அளந்துவிட வேண்டியிருந்ததால், மிச்சமிருந்த இலையை வாட்டி, கொதிக்க வைத்துக் குடித்துப் பழகியவர்கள். தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றித் தருகிறார்கள். காப்பி என்று நினைத்துக் குடித்தால் ஏமாற்றம். டீ என்று நினைத்துக்கொண்டால் நன்றாகவே இருக்கிறது.

இந்தப் பக்கத்து மினாங்கபாவ் மக்கள் தொழுகை தவறாத முஸ்லிம்கள். ஆனால் பரம்பரை நிலம் அம்மாவிடமிருந்து மகளுக்குத்தான் போகும். நாஞ்சில் நாட்டுக்காரர்களிடம் ‘மருமக்கள்வழி’ என்று சொன்னால் உடனே தலையாட்டுவார்கள். ஆனால் அங்கே சொத்து தாய்மாமனிடமிருந்து சகோதரி மகன் கைக்கு வரும். கடைசியில் இரண்டு பக்கமும் ஆண்தான். இங்கே நிலம் பெண்ணுடையது. தாய்மாமன் மேற்பார்வைக்கு மட்டும். அவரை ‘மாமாக்’ என்கிறார்கள். என் காதில் ஒவ்வொரு முறையும் ‘மாமா’ என்றே விழுந்தது.

நான் தங்கியது சிமெண்ட் வீடு. அதன் பக்கத்தில் எருமைக்கொம்பு போலக் கூரை வளைந்த பழைய மரவீடு, ‘ரூமா காடாங்’, பெரிய வீடு, பூட்டியே கிடந்தது. அமாக் சாவியோடு கூட்டிப்போய்க் காட்டினார். முன்னால் நீளமான கூடம், பின்னால் வரிசையாக அறைகள். கல்யாணமான ஒவ்வொரு மகளுக்கும் ஓர் அறை. கடைசியாகக் கல்யாணமானவளுக்கு ஓர அறை. அடுத்தவளுக்குக் கல்யாணமானதும் இவள் நகர்ந்துவிட வேண்டும். பையன்களுக்கு அறை கிடையாது. விவரம் தெரிந்த வயதிலேயே பாயைச் சுருட்டிக்கொண்டு தொழுகைக்கூடமான சுராவுக்குப் படுக்கப் போய்விடுவார்களாம். மினாங்கபாவ் ஆண்கள் ஊர்விட்டு ஊர் போய் ஜகார்த்தா வரைக்கும் சாப்பாட்டுக்கடை போட்டதில் ஆச்சரியமில்லை. வீட்டில் படுக்க இடமிருந்தால்தானே?

வயலில் பார்த்த மருமகனை ‘உடா’ என்று கூப்பிடச் சொன்னார்கள், அண்ணன் என்று அர்த்தம். வெட்டிய மரத்தின் அடிக்கட்டைமேல் கிடக்கும் சாம்பல் மாதிரிதான் மாப்பிள்ளை, காற்றடித்தால் போயிற்று என்று இவர்களிடம் ஒரு பழமொழி உண்டு. அதைச் சொல்லிவிட்டு உடாவே சிரித்தார். அன்று மத்தியானம் குளித்து, சட்டை மாற்றி, மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குக் கிளம்பினார். அங்கே அக்கா மகள் கல்யாணப் பேச்சு. இவர் வாய் திறக்காமல் ஒன்றும் நடக்காது. அந்த வீட்டுக்கு இவர்தான் மாமாக். காலையில் சேற்றில் நின்ற மனிதரா இவர் என்று இருந்தது, அந்த நடையைப் பார்த்தால்.

“எல்லாச் சொத்தும் இப்படித்தானா?” என்று கேட்டேன். இல்லை. உடா மீன் விற்ற காசில் ஒரு துண்டு நிலம் வாங்கியிருக்கிறார். அது ‘தாழ்ந்த சொத்து’. அவர் காலத்துக்குப் பிறகு மார்க்கப்படி மகனுக்கும் மகளுக்கும் பிரியும். பாட்டிமார் வழியில் வந்தது ‘உயர்ந்த சொத்து’, அது பிரியாது, விற்கக் கூடாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம் என்று 1952-இல் புக்கிட்டிங்கியில் உலமாக்களும் குலத்தலைவர்களும் கூடி ஒரு முடிவுக்கு வந்தார்கள்.

விற்கத்தான் கூடாது. அடகு வைக்கலாம், நம்மூர் ஒத்தி மாதிரி. அதற்கும் நாலே காரணம்தான் என்று அமாக் விரல் மடக்கினார். வயதுக்கு வந்த பெண்ணுக்குக் கல்யாணம் ஆகவில்லை. வீட்டில் பிணம் கிடக்கிறது, எடுக்கக் காசில்லை. பெரிய வீட்டுக் கூரை ஒழுகுகிறது. நாலாவது, ‘மூழ்கிக் கிடக்கும் மரத்தைத் தூக்கி நிறுத்துவது’, அதாவது காலியாகக் கிடக்கும் குலத்தலைவர் பட்டத்துக்குப் புதியவரை நிறுத்தும் செலவு.

அவர்களுடைய கீழ்வயல் ஒன்று ஒத்தியில் இருப்பதாக உடா முன்பே சொல்லியிருந்தார். அது எந்தக் காரணம் என்று கேட்டேன். எனக்கு மொழிபெயர்த்துக்கொண்டிருந்த பேத்தி, பாடாங்கில் கல்லூரியில் படிக்கிறவள், பாட்டியிடம் கேட்காமலே பதில் சொன்னாள்: “நாலாவது. மூழ்கிக் கிடந்த மரம் நான்தான்.” கல்லூரிச் செலவு. பாட்டியும் அம்மாவும் சித்திகளும் தாய்மாமனும் கூடி உட்கார்ந்து ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஒத்திக்கணக்கு பணத்தில் இல்லை, தங்கத்தில். ஓர் ‘அமே’ என்பது இரண்டரை கிராம். வாங்கியது பத்து அமே, நம் கணக்கில் மூன்று சவரனுக்குக் கொஞ்சம் மேலே. திருப்ப வேண்டியதும் தங்கமாகத்தான். தங்கம் ஏறிய ஏற்றத்துக்கு, எப்போது மீட்பது? அதுவரை விளைச்சல் பணம் கொடுத்தவருக்கு. உடா அதே வயலை அவரிடம் வாரத்துக்கு எடுத்து, பாதி நெல்லை அளந்துவிடுகிறார். ஏழு வருடம் ஒத்தியில் கிடந்த வயலைப் பணம் வாங்காமலே திருப்பித் தரவேண்டும் என்று 1960-லிருந்து சட்டம் இருக்கிறது. அதைச் சொன்னதும் அமாக் முகம் சுளித்தார். வாங்கிய தங்கத்தைக் கொடுக்காமல் வயலைப் பிடுங்குவதாவது! பக்கத்து வீட்டு முகத்தில் எப்படி விழிப்பது?

அப்புறம் என் முறை. “உங்கள் அம்மா நிலத்தை யார் பார்க்கிறார்கள்?”

மன்னார்குடி பக்கம் இரண்டு ஏக்கர். நான்தான் பார்க்கிறேன், அதாவது குத்தகைக்கு விட்டிருக்கிறேன் என்றேன். தங்கை? விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாள். பேத்தி மொழிபெயர்த்தாள். அமாக் அவளைத் திட்டுவது போல ஏதோ சொன்னார். தப்பாக மொழிபெயர்க்கிறாயா என்று கேட்டாராம். இரண்டாவது முறையும் அதையே சொன்னாள்.

“சரி, அவள் புருஷன் செத்துப்போனால் எங்கே வருவாள்?”

எங்கள் வீட்டுக்குத்தான், வராமலென்ன, என்று சொல்ல வாயெடுத்தேன். 1989-லேயே எங்கள் மாநிலத்தில் பெண்ணுக்குச் சமபங்குச் சட்டம் வந்துவிட்டது என்பதையும் சொல்லலாமா என்று யோசித்தேன். இரண்டையும் சொல்லவில்லை. சிரட்டையில் மிச்சமிருந்ததைக் குடித்தேன்.

மூன்றாம் நாள் காலை வண்டி வருவதற்குள் அமாக் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்தார். கொல்லை மரத்தில் உரித்துக் காயவைத்த இலவங்கப்பட்டை, முழங்கை நீளச் சுருள்கள். “உனக்கில்லை, உன் தங்கைக்கு” என்றாராம். உடா அதை என் பையில் வைத்துக் கட்டிவிட்டு, நாற்றுக்கட்டை மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏற்றிக்கொண்டு அக்கா வயலுக்குப் போனார்.

வந்து நாலு மாதம் ஆகிறது. பொட்டலம் எங்கள் சமையலறை அலமாரியில், பிரிக்காமல் இருக்கிறது. கதவைத் திறக்கும்போதெல்லாம் வாசனை வருகிறது.