பெட்டியைப் பாயில் கொட்டாதீர்கள்

வன்னி ஊர்களில் பழைய பிரக்கிராசியார் (சட்டத்தரணி) ஒருவரோ சங்கத் தலைவர் ஒருவரோ காலமானால், அவருடைய தகரப்பெட்டியைத் திறப்பவர்கள் முதலில் செய்வது எல்லாவற்றையும் பாயில் கொட்டுவதுதான். காணி உறுதி ஒரு பக்கம், கடிதம் ஒரு பக்கம், குப்பை ஒரு பக்கம். கறையான் பல வருடத்தில் செய்யாத சேதம் அந்த ஒரு மணித்தியாலத்தில் நடந்து முடிகிறது.

தாள்களின் வரிசை குலைவது ஏன் சேதம் என்பது, அமெரிக்க அரசில் பெரிய பதவிகள் வகித்த ஹென்றி ஸ்டிம்சன் விட்டுப்போன தாள்களைப் பார்த்தால் விளங்கும். 1867 இல் நியூயோர்க்கில் பிறந்து, யேலிலும் ஹார்வர்ட்டிலும் படித்து, 1891 இல் எலிஹு ரூட்டின் சட்ட அலுவலகத்தில் சேர்ந்த சட்டத்தரணி அவர். 1911 இல் போர்ச் செயலாளர், 1927 இல் பிலிப்பைன்ஸின் ஆளுநர் நாயகம், 1929 இல் இராஜாங்கச் செயலாளர் (வெளிவிவகாரப் பொறுப்பு). குடியரசுக் கட்சிக்காரரான அவரை 72 வயதில் ஜனநாயகக் கட்சி ஜனாதிபதி ரூஸ்வெல்ட் திரும்பவும் போர்ச் செயலாளராக அழைத்தார். 1945 செப்டெம்பர் வரை அந்தப் பொறுப்பில் இருந்தார்.

அவருடைய தாள்கள் யேல் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. 1909 முதல் 1945 வரையான நாட்குறிப்பு மட்டும் 52 தொகுதி. நுண்படமாக்கியபோது 9 சுருள் வந்தது. 1945 யூலை 24 அன்று, ஜேர்மனியின் பொட்ஸ்டாமில், யப்பானின் கியோத்தோ நகரை அணுகுண்டு இலக்குப் பட்டியலில் சேர்க்கக்கூடாது என்று ஜனாதிபதி ட்ரூமனிடம் பேசியதை எழுதிவைத்திருக்கிறார். ஹிரோசிமாவுக்கு 13 நாள் முந்திய பதிவு. குண்டு போட்ட முடிவை விளக்கி 1947 இல் அவர் பெயரில் வெளிவந்த கட்டுரையை இந்தப் பதிவோடு பக்கத்தில் வைத்துப் படிக்கலாம். முடிவு தெரியமுன் எழுதியது ஒன்று, தெரிந்தபின் எழுதியது மற்றது. நாள்வரிசை குலையாமல் இருப்பதால்தான் இது சாத்தியம். யாரோ நல்லெண்ணத்தோடு அந்தத் தாளை உருவி "யப்பான்" என்ற கோவைக்குள் போட்டிருந்தால், முந்தின நாள் அவர் என்ன நினைத்தார் என்பது அதோடு போயிருக்கும்.

வன்னிப் பெட்டிகளுக்கும் இதே நியாயம்தான். நாடாவால் கட்டிய ஒரு கட்டில் உறுதிப் பிரதி, நில அளவைப் படம், பற்றுச்சீட்டு, கையால் எழுதிய துண்டு எல்லாம் சேர்ந்திருந்தால், அந்தத் துண்டு எந்தக் காணியைப் பற்றியது என்று சொல்வது அந்தக் கட்டு மட்டுமே. இடம்பெயர்ந்தபோது அவசரத்தில் சொப்பிங் பைகளில் திணித்ததென்றாலும் பை பையாகவே வையுங்கள். எதைக் கையோடு கொண்டுபோனார்கள் என்பதே ஒரு தகவல்.

திறப்பதற்கு நல்ல காலம் ஆடி, ஆவணி. மாரியில் திறந்தால் தாள் ஈரத்தை உறிஞ்சும், பூஞ்சணம் பிடிக்கும். பூச்சி ஓடுவது தெரிந்தால் அந்தக் கட்டை மற்றவற்றோடு சேர்க்காமல் தனிப் பொலித்தீன் பையில் கட்டிவையுங்கள். திறந்ததும், கைவைக்கமுன், மேலிருந்து ஒரு படம் எடுங்கள். பிறகு கட்டுகளுக்கு மேலிருந்து கீழாக இலக்கம். தாளின் பின்புற மூலையில் 2பி பென்சிலால் மெதுவாக எழுதவேண்டும். பேனை வேண்டாம், மை ஈரத்தில் ஊறும்.

துருவேறிய குண்டூசியை இழுக்கக்கூடாது. ஊசியைச் சுற்றிக் கபில நிற வட்டம் அடுத்த மூன்று நான்கு தாள்களுக்கும் இறங்கியிருக்கும். அந்த இடம் பொருக்குப்போல் உதிரும். தாளை மேசையில் படுக்கவைத்து, ஊசிக்கும் தாளுக்கும் இடையில் மெல்லிய பிளாஸ்டிக் துண்டைச் செருகி, ஊசியை மேலே நெம்பி எடுங்கள். கார்பன் பிரதிகள் வெங்காயத்தோல் மாதிரி. ஒரு மூலையில் பிடித்துத் தூக்கினால் கிழியும். அடியில் ஒரு மட்டையைச் செருகித் தூக்குங்கள்.

லமினேற் செய்யவே வேண்டாம். காணி பேமிட்டை லமினேற் செய்தால் பத்திரம் என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு உரிக்க முடியாது. தாளிலுள்ள அமிலமும் உள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். செலோரேப்பும் அப்படித்தான், பசை மஞ்சளாகி எழுத்துக்குள் இறங்கும். வேப்பிலை போடுவதென்றால் சருகாகக் காய்ந்தது மட்டும். பச்சை இலை ஈரத்தைக் கொண்டுவரும்.

படம் எடுக்கக் கைத்தொலைபேசி போதும். யன்னல் வெளிச்சம், நேர் வெயில் அல்ல. கமரா தாளுக்கு நேர் மேலே, பக்கத்தில் அடிமட்டம். வெற்றுப் பின்பக்கத்தையும் எடுங்கள். கோப்பின் பெயர் பெட்டி, கட்டு, தாள் என்ற வரிசையில் 02_07_015 என்று இருக்கட்டும். பிரதிகளை இரண்டு வெவ்வேறு வீடுகளில் வையுங்கள். படம் எடுத்தாயிற்று என்று மூலத்தை எரிக்காதீர்கள். காணி வழக்கில் கேட்கப்போவது அதைத்தான்.

கடைசியாக ஒரு பட்டியல்: ஆளைப்பற்றி ஒரு பக்கம், வகித்த பதவிகள் ஆண்டோடு, பிறகு கட்டு இலக்கமும் ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது என்று ஒரு வரியும். அதில் ஒரு பிரதி பெட்டிக்குள்ளே, எல்லாவற்றுக்கும் மேலே. பெட்டி சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, கால் உள்ள மேசையில். மாதம் ஒருமுறை மேசைக் காலைக் குனிந்து பாருங்கள். மண்புற்றுக் கோடு ஏறத் தொடங்குவது அங்கேதான்.