இரவில் யாரை எழுப்புவாய்?

அரையாண்டுத் தேர்வு நெருங்கும்போதே எங்கள் பள்ளியில் சுற்றுலாப் பேச்சு எழுந்துவிடும். ஐந்தாம் வகுப்புக்கு மேட்டூர் அணை. காலையில் கிளம்பி இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம். ஆறு, ஏழு வகுப்புகளுக்குத் தஞ்சாவூர், ஓர் இரவு தங்கல். எட்டாம் வகுப்புக்கு முதுமலை, இரண்டு இரவுகள். யார் பணம் கட்டினார்கள் என்ற கணக்கை அலுவலகம் பார்த்துக்கொள்ளும். என் மேசைக்கு வருவது வேறு கேள்வி. இந்தப் பிள்ளையை வீட்டை விட்டு ஓர் இரவு வெளியில் தங்கவைக்கலாமா, இன்னும் ஒரு வருடம் பொறுக்கலாமா?

பள்ளிபாளையம் பக்கம் ஓர் உதவிபெறும் நடுநிலைப் பள்ளியில் நான் ஆசிரியை. பிள்ளைகளில் பெரும்பாலோர் விசைத்தறித் தொழிலாளர் வீடுகளிலிருந்து வருகிறவர்கள்.

எதற்கு இரவு தங்க வேண்டும், போய்விட்டு வந்துவிடலாமே என்று ஆண்டுதோறும் யாராவது ஒருவர் கேட்பார். நியாயமான கேள்வி. பெரிய கோயிலுக்கு எங்கள் ஊரிலிருந்து காலையில் கிளம்பிப் போனால் உச்சி வெயிலில்தான் இறங்குவோம். நடை சாத்தியிருக்கும். கல்தரை கொதிக்கும். வெறுங்காலில் நிற்கும் பிள்ளை நிழலைத் தேடி ஓடுமே தவிர, இருநூறு அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் விமானத்தை அண்ணாந்து பார்க்காது. 1010-ல் ராஜராஜன் கட்டி முடித்தான் என்பதைப் பாடப் புத்தகத்திலேயே படித்துக்கொள்ளலாம். மாலை வெயில் சாயும் நேரத்தில் புல்தரையில் உட்கார்ந்து கல்லின் நிறம் மாறுவதைப் பார்க்கத்தான் அங்கே போக வேண்டும். அதற்கு இரவு தங்கித்தான் ஆக வேண்டும்.

தங்குவது வேறு, இரவில் பயணம் செய்வது வேறு. அறை வாடகையை மிச்சம் பிடிக்க, ராத்திரி பத்து மணிக்குப் பஸ் ஏற்றி, பிள்ளைகள் சீட்டிலேயே தூங்கிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடும் வழக்கம் நம் பள்ளிகளில் பரவலாக இருக்கிறது. 2022 அக்டோபரில் பாலக்காடு மாவட்டம் வடக்கஞ்சேரி அருகே, ஊட்டிக்கு வந்துகொண்டிருந்த ஒரு பள்ளியின் சுற்றுலாப் பேருந்து, நள்ளிரவை ஒட்டிய நேரத்தில் கேரள அரசுப் பேருந்தின் பின்புறம் மோதியது. 9 பேர் இறந்தார்கள். அவர்களில் 5 பேர் மாணவர்கள். அந்தச் செய்தி வந்த நாள் முதல் எங்கள் பள்ளியில் இருட்டிய பிறகு பஸ் ஓடக் கூடாது என்று வைத்திருக்கிறோம். கூடுதல் செலவை முன்னாள் மாணவர்கள் சிலர் ஏற்றுக்கொள்கிறார்கள்.

இனி யாரைக் கூட்டிப்போவது என்ற பட்டியலுக்கு வருகிறேன். ஆசிரியர் கூட்டத்தில் ஒவ்வொருவரும் ஓர் அளவுகோல் வைத்திருப்பார்கள். ஒருவருக்கு வயது. ஒருவருக்கு மதிப்பெண், நன்றாகப் படிப்பவனுக்குப் பரிசாகச் சுற்றுலா என்பார். பெரும்பாலோருக்கு ஒழுக்கம். 'சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை, தாராளமாகக் கூட்டிப்போகலாம்' என்பார்கள். எனக்கு அதிகக் கவலை தருவது அந்தப் பிள்ளைதான். 'கரூர் வரும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது' என்று சொல்லிவிட்டால், சிறுநீரை அடக்கிக்கொண்டு, வியர்த்து, உதட்டைக் கடித்தபடி உட்கார்ந்திருப்பது அந்தப் பிள்ளைதான். தொல்லை கொடுக்கக் கூடாது என்று காய்ச்சலை மறைப்பதும் அதே பிள்ளை. பெரியவர் ஒருவர் தகாத விதத்தில் தொட்டால்கூட, பெரியவர் சொன்னால் கேட்க வேண்டும் என்று வளர்க்கப்பட்ட பிள்ளைதான் வாயைத் திறக்காமல் இருந்துவிடும். இந்தக் கடைசி விஷயத்தைக் கூட்டத்தில் நான் சொன்னபோது சிலர் முகம் சுளித்தார்கள். ஆனால் சொல்லாமல் இருக்க முடியாது. 2012-ல் போக்சோ சட்டம் வந்துவிட்டது. தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதே குற்றம். எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையுடனும் ஓர் அறையில் தனியாக இருக்கக் கூடாது என்ற விதி ஆசிரியர், ஓட்டுநர், சமையல்காரர் எல்லோருக்கும் பொது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும்.

ஆகவே நான் பார்ப்பது ஒன்றைத்தான். நடு இரவில் ஏதாவது ஆனால், இந்தப் பிள்ளை எழுந்து வந்து, தன் அம்மா அல்லாத ஒரு பெரியவரை எழுப்புமா?

இதை அறிய ஒவ்வொரு பிள்ளையையும் மதிய உணவு வேளையில் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவேன். அம்மா அப்பா இல்லாமல் கடைசியாக எங்கே தூங்கினாய் என்பது முதல் கேள்வி. 'அம்மாயி வீட்டில், மே மாதம் முழுக்க' என்று பதில் வந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. பத்து, பதினொரு வயதிலும் அம்மாவை ஒட்டிப் படுத்துத் தூங்குகிறார்களே, இவர்களை எப்படிக் கூட்டிப்போவது என்று புதிதாகச் சேரும் இளம் ஆசிரியர்கள் கேட்பார்கள். நம் வீடுகளில் அதுதான் வழக்கம். அதை ஒரு குறையாக நான் எண்ணுவதில்லை. தனியறை என்ற ஒன்றையே அறியாத பிள்ளையை லாட்ஜில் இரண்டு கட்டில் போட்ட அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினால்தான் மிரளும். கல்யாண மண்டபத்தில் ஜமக்காளம் விரித்து வரிசையாகப் படுக்கவைத்தால், பக்கத்தில் ஒரு தோள் இருக்கும் தெம்பில் தூங்கிவிடும். அதனால் எப்போதும் மண்டபம்தான் பேசுகிறோம். பெண் பிள்ளைகள் மாடியில், பையன்கள் கீழே. அம்மா இரவு ஷிப்டுக்குத் தறிக்குப் போய்விட, தம்பியைத் தட்டித் தூங்கவைத்துப் பழகிய பிள்ளைகளும் எங்களிடம் உண்டு. அவர்களைப் பற்றி நான் கேட்க வேண்டியதே இல்லை. ஒன்று மட்டும்: தறிச் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு மண்டபத்தின் அமைதியில் தூக்கம் வருவதில்லை. மின்விசிறியை வேகமாக ஓடவிட்டால் சரியாகிவிடுகிறது.

இரண்டாவது கேள்வி: ராத்திரி பயமாக இருந்தால், வயிறு வலித்தால், என்ன செய்வாய்? 'போர்வையை இழுத்து மூடிக்கொள்வேன்' என்றான் ஒருவன். 'விடியும்வரை எண்ணிக்கொண்டே இருப்பேன், ஆயிரம் வரைக்கும்கூட எண்ணியிருக்கிறேன்' என்றாள் ஒரு பெண். எவ்வளவு நாள் அப்படித் தனியாக எண்ணினாளோ என்று எனக்கு மனம் பதைத்தது. 'டீச்சரை எழுப்புவேன்' என்று தானாகச் சொல்லும் பிள்ளைகள் மிகக் குறைவு. பெரியவர்களின் தூக்கத்தைக் கெடுப்பது தப்பு என்று சொல்லி வளர்த்திருக்கிறோம், அதுதான் காரணம்.

எங்கள் சாரணர் ஆசிரியர் இதற்கு ஒரு வழி சொன்னார். முகாமுக்கு முன்பு பள்ளிக்கூடத்திலேயே ஓர் இரவு தங்கவைப்பது சாரணர்களுக்குப் பழக்கமான ஏற்பாடு. அதைச் சுற்றுலாவுக்கும் வைத்துக்கொண்டோம். ஒரு வெள்ளிக்கிழமை மாலை பிள்ளைகள் பாயும் தட்டும் டம்ளரும் கொண்டுவருவார்கள். சாப்பாடு, விளையாட்டு எல்லாம் முடிந்தபின் முக்கியமான வேலை. நான் வாசற்படி அருகே பாயில் படுத்துக் கண்ணை மூடிக்கொள்வேன். ஒவ்வொரு பிள்ளையும் தன் பாயிலிருந்து எழுந்து, விளக்கு எரியும் பக்கமாக நடந்து வந்து, என் தோளைத் தொட்டு எழுப்ப வேண்டும். முதல் முறை கூப்பிட்டால் நான் எழுந்திருக்க மாட்டேன். குரல் எழுப்பி இன்னொரு முறை கூப்பிட வேண்டும். சிலர் சிரித்துக்கொண்டே உலுக்குவார்கள். சிலர் என் முகத்தையே பார்த்தபடி நிற்பார்கள்; கை நீளும், தோளைத் தொடாமல் திரும்பும். அவர்களுக்கு மறுபடி, மறுபடி. கடைசியில் தொட்டுவிட்டால், எழுந்து உட்கார்ந்து, 'என்ன கண்ணு, எழுப்பினது நல்லது, சொல்லு' என்பேன். அந்த வாக்கியத்தை எல்லா ஆசிரியைகளும் அப்படியே சொல்ல வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. எழுப்பியதற்காக ஒரு முறை எரிந்து விழுந்தால் போதும், அந்த வரிசையில் படுத்திருக்கும் அத்தனை பேரும் அதன் பிறகு போர்வைக்குள் எண்ணத் தொடங்கிவிடுவார்கள்.

பயிற்சி இரவில் ஒரு சிறுமி கடைசி ஆளாக வந்து என்னைத் தொட்டாள். வகுப்பில் வருகைப் பதிவுக்கு 'உள்ளேன்' என்று சொல்வதே காதில் விழாது. இவள் வேண்டாம், அடுத்த வருடம் பார்க்கலாம் என்று கூட்டத்தில் பேச்சு வந்தது. தொட்டுவிட்டாள், வரட்டும் என்றேன். தஞ்சாவூரில் இரவு இரண்டு மணிக்குத் தோளில் ஒரு விரல் பட்டது. 'டீச்சர்' என்றாள். நான் புரண்டதும், பயிற்சியில் செய்தது போலவே, குரலைக் கொஞ்சம் உயர்த்தி இன்னொரு முறை, 'டீச்சர், எனக்கு ரத்தம் வருகிறது.' பயப்படாதே கண்ணு, எழுப்பினது நல்லது என்று சொல்லிக் குளியலறைக்குக் கூட்டிப்போனேன். பதினொரு வயது. ஆறு, ஏழாம் வகுப்பில் இது எப்போது வேண்டுமானாலும் நடக்கலாம் என்பதால் நாப்கினும் மாற்று உள்ளாடையும் என் பையில் எப்போதும் இருக்கும். அவளுடைய அம்மாவைக் கூப்பிட்டேன். தறி ஓடும் சத்தத்தில் போன் கேட்டிருக்காது. ஷிப்டு முடிந்து அதிகாலையில் அவரே கூப்பிட்டார். செய்தியைக் கேட்டதும் சற்று நேரம் பேச்சே இல்லை. பிறகு, 'பிள்ளை அழுகிறாளா டீச்சர்?' 'இல்லைங்க, இட்லி சாப்பிடுகிறாள்' என்றேன். தாய்மாமனுக்குச் சொல்ல வேண்டும், சீர் செய்ய வேண்டும் என்றெல்லாம் அடுக்கிக்கொண்டே போனவர், 'கோயிலுக்குள் மட்டும் வேண்டாம் டீச்சர், மற்றபடி உங்களோடு இருக்கட்டும்' என்றார். அன்று போக வேண்டியது கங்கைகொண்ட சோழபுரம். அந்தக் கட்டுப்பாடு பற்றி எனக்கு என் கருத்து இருக்கிறது. ஆனால் தாய் பக்கத்தில் இல்லாத நாளில், தாயின் சொல்லை மீறும் உரிமை எனக்கு இல்லை. இன்னோர் ஆசிரியையும் அவளும் வெளியே மரத்தடியில் உட்கார்ந்து விமானத்தை நோட்டில் வரைந்தார்கள். திரும்பும் வழியெல்லாம் பஸ்ஸில் பாடிக்கொண்டு வந்தாள்.

படுக்கையை நனைக்கும் பிள்ளைகள் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பத்து வயதிலும் ஏறக்குறைய இருபது பேரில் ஒருவருக்கு இந்தச் சிக்கல் இருக்கும் என்கிறார்கள் மருத்துவர்கள், பையன்களிடம் அதிகம். ஒரு பஸ் பிள்ளைகளில் ஓரிருவராவது இருப்பார்கள் என்றுதான் கணக்கு. ஆனால் எந்தப் படிவத்திலும் எந்தப் பெற்றோரும் இதை எழுதித் தந்ததில்லை. ரத்த வகை எழுதுவார்கள், ஒவ்வாமை எழுதுவார்கள். இதை மட்டும் 'அவனுக்கு ஊர்ப் பயணம் ஒத்துக்கொள்ளாது' என்று சொல்லிப் பிள்ளையை வீட்டிலேயே நிறுத்திவிடுவார்கள். அப்படி நின்றுபோன பிள்ளைகளை நினைத்தால் எனக்குத் தாங்காது. இது தயாரில்லாமையே இல்லை. இப்போது நானே பெற்றோர் கூட்டத்தில் எல்லோருக்கும் பொதுவாக அறிவித்துவிடுகிறேன்: படுக்கும் முன் அனைவரும் கழிப்பறைக்குப் போவார்கள், பதினொரு மணிக்கும் நான்கு மணிக்கும் எல்லோரையும் எழுப்புவோம், எல்லாப் பாய்க்கும் கீழே ரப்பர் ஷீட் இருக்கும். எல்லோருக்கும் செய்யும்போது ஒருவனும் தனித்துத் தெரிவதில்லை. கூட்டம் கலைந்த பிறகு இரண்டு மூன்று அம்மாக்கள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு தயங்கி நிற்பார்கள். அவர்களிடம் பேசிக்கொள்ளலாம்.

பெற்றோரிடம் நான் கெஞ்சிக் கேட்பது ஒன்று உண்டு. 'அழுதால் உடனே சொல்லு, அப்பா வண்டி எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன்' என்று வாக்குக் கொடுத்து அனுப்பாதீர்கள். பாசத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த வாக்கோடு வரும் பிள்ளை, இரவு வந்ததும் அழலாமா என்று யோசிக்கத் தொடங்கிவிடுகிறது. போனும் அப்படியே. படுக்கும் நேரத்தில் அம்மாவின் குரலைக் கேட்டால், அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவனும் உடைந்துபோவான். மாலை ஆறு மணிக்குப் பேசவைத்துவிட்டு, அதன்பின் சாப்பாடு, கதை, தூக்கம் என்று கொண்டுபோய்விடுவோம்.

'இந்த வருடம் வேண்டாம்' என்று நான் சொன்ன பிள்ளைகளும் உண்டு. அப்பாவை இழந்து சில வாரங்களே ஆன ஒரு பையனுக்கு, அம்மா பணம் கட்டியிருந்தும், இப்போது போக வேண்டாம் என்று மூவரும் பேசி முடிவுசெய்தோம். இரவில் அம்மாவுக்கு யார் துணை என்பதுதான் அவனுடைய கேள்வி. ஏழாம் வகுப்பில் வந்தான்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் பேச்சுக்கே இடமில்லை. கரூரைத் தாண்டியதும் மாயனூர். பஸ்ஸை நிறுத்துங்கள் டீச்சர், காலை மட்டும் நனைத்துக்கொள்கிறோம் என்று கூச்சல் எழும். 2023 பிப்ரவரியில், கால்பந்துப் போட்டிக்காக ஆசிரியர்களோடு வெளியூர் வந்த புதுக்கோட்டை மாவட்ட அரசுப் பள்ளி மாணவிகள் 4 பேர் அந்த மாயனூர்க் காவிரியில்தான் மூழ்கி இறந்தார்கள். அந்த இடம் வரும்போது நான் எழுந்து நின்று இதைச் சொல்வேன். பயமுறுத்துவதாகச் சிலர் நினைக்கலாம். ஓர் இரவு தனியாகத் தங்கும் வயது வந்துவிட்டது என்றால், இதைக் கேட்கும் வயதும் வந்துவிட்டது.

இந்த ஆண்டு புதிதாக வந்திருக்கும் தலைமை ஆசிரியர், ஐந்தாம் வகுப்பையும் தஞ்சாவூருக்கு அழைத்துப்போகலாம் என்கிறார். பிள்ளைகளிடம் பேசிப் பார்த்தேன். பாதிக்கு மேற்பட்டோர் வந்துவிடுவார்கள், மீதிப் பேரைப் பயிற்சி இரவில் தேற்றிவிடலாம். ஆனாலும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். இரவு தங்கச் சம்மதித்திருக்கும் ஆசிரியைகள் என்னையும் சேர்த்து இருவர்தான். சிறு பிள்ளைகளின் கூடத்தில் முறைவைத்து விழித்திருக்க இன்னும் இருவராவது வேண்டும். வீட்டில் அனுப்ப மாட்டார்கள் என்று சொன்ன இரண்டு இளம் ஆசிரியைகளிடம் தலைமை ஆசிரியர் பேசிக்கொண்டிருக்கிறார். அவர்கள் சரி என்றால் அந்தக் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வேன்.